பிராசஸரையும் ஹீட்சிங்க்கையும் உப்புத்தாளில் தேய்ப்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

நல்ல கூலர் வாங்கிப் போட்டாயிற்று, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டும் புதிது, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆனாலும் சூடு இறங்க மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது, பிராசஸரின் உலோக மூடியும் கூலரின், அதாவது ஹீட்சிங்க்கின், அடிப்பரப்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தை. பார்க்க இரண்டுமே தட்டையாகத்தான் இருக்கும். உண்மையில் நடுவில் குழி இருக்கலாம், ஓரத்தில் மேடு இருக்கலாம், கடைசல் இயந்திரம் விட்டுப்போன வரிகள் இருக்கலாம். அந்த இடைவெளியை எல்லாம் பேஸ்ட்தான் நிரப்புகிறது.

செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்குச் சுமார் 400 வாட். நல்ல பேஸ்ட்டுக்கு அது 5 முதல் 12 வரைதான். காற்றுக்கு 0.03கூட இல்லை. அதனால் நடுவில் பேஸ்ட் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்காக இரு பரப்புகளையும் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குவதைத்தான் லேப்பிங் என்கிறார்கள்.

இதில் கிடைப்பது பெரும்பாலும் 2 முதல் 5 டிகிரி. பரப்பு மிக மோசமாக இருந்தால் அதற்கு மேலும் கிடைக்கும். ஏற்கெனவே சமமாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது, வாரண்டி போனதுதான் மிச்சம். ஆகவே கீழே உள்ள படிகளில் முதல் மூன்றை யாரும் தவிர்க்க வேண்டாம். பலருக்கு மூன்றாவது படியோடு வேலை முடிந்துவிடும்.

1. இப்போதைய சூட்டை ஒழுங்காக அளந்து எழுதி வையுங்கள்

அளக்காமல் தேய்த்தால், தேய்த்ததால் பலன் வந்ததா என்று பின்னால் சொல்லவே முடியாது. எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளில் சூட்டையும் பிராசஸர் இழுக்கும் வாட்டையும் பதிவு செய்யுங்கள். சுமை கொடுக்க சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளில் உள்ள 30 நிமிடச் சோதனை போதும். கடைசி 10 நிமிடச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயங்களை மாறாமல் கட்டிப்போட வேண்டும். ஒன்று, ஃபேன் வேகம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ஒரே சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். இரண்டு, மின்சார அளவு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை எக்ஸ் மாடல்கள், கூலர் இடம் கொடுத்தால் 95 டிகிரியைத் தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி அமைக்கப்பட்டவை. வாட் வரம்பைத் தளர்த்திவிட்ட இன்டெல் போர்டுகளிலும் 100 டிகிரி வரை இதே கதை. அப்படிப்பட்ட பிராசஸரில் தேய்த்து முடித்த பிறகும் திரையில் அதே 95 தான் தெரியும், கூடியிருப்பது வேகம் மட்டுமே. எனவே ஏஎம்டியில் பிபிடி என்ற வாட் வரம்பையும், இன்டெலில் பிஎல்1, பிஎல்2 என்ற வாட் வரம்புகள் இரண்டையும் ஒரே எண்ணில், உதாரணமாக 120 வாட்டில், நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

மூன்றாவது, அறையின் சூடு. நம் ஊரில் காலை 27 இருக்கும் அறை மதியம் 34-க்குப் போய்விடும். கேபினெட்டுக்குள் காற்று நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, பிராசஸர் சூட்டில் இருந்து அறைச் சூட்டைக் கழித்து வரும் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகு கூலரைக் கழற்றி, துடைத்து, அதே பேஸ்ட்டை மீண்டும் போட்டு இன்னொரு முறை அளக்க வேண்டும். வெறுமனே கழற்றி மாட்டுவதிலேயே 1 அல்லது 2 டிகிரி வித்தியாசம் வரும். மறுபடி மாட்டியதுமே 6 டிகிரி குறைந்துவிட்டால் குறை பரப்பில் இல்லை, முன்பு மாட்டிய விதத்தில்தான் இருந்திருக்கிறது. உப்புத்தாள் வாங்க வேண்டாம்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான (சாக்கெட் என்பது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பிராசஸர் வைத்திருப்பவர்கள் கூலரைக் கழற்றும்போது கவனம். பேஸ்ட் காய்ந்திருந்தால் பிராசஸரும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் 1331 பின்களில் சில வளையும். கணினியை 10 நிமிடம் சுமையில் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை இடம் வலமாகத் திருகித் தளர்த்திய பின்னரே மேலே தூக்குங்கள்.

2. குறை எந்தப் பரப்பில் என்று கண்டுபிடியுங்கள்

கூலரைக் கழற்றியதும் உடனே துடைத்துவிடாதீர்கள். பேஸ்ட் பரவியிருக்கும் விதத்தைப் பாருங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகவும் ஓரத்தில் தடிமனாகவும் இருந்தால் நல்லது. நடுவில் கெட்டியாகத் தேங்கி, ஓரத்தில் வழித்தெடுத்தது போல இருந்தால் ஒரு பரப்பிலோ இரண்டிலுமோ நடுக்குழி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தடிமன் என்றால் திருகுகள் சமமாக முடுக்கப்படவில்லை.

பிறகு இரண்டையும் துடைத்துவிட்டு, புது சவரப் பிளேடின் நேர்விளிம்பையோ நல்ல எஃகு ஸ்கேலின் ஓரத்தையோ பரப்பின்மேல் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டங்களில் என நான்கு திசையிலும் பார்க்க வேண்டும். நடுவில் வெளிச்சம் கசிந்தால் குழி. பிளேடு நடுவில் தங்கி இரு பக்கமும் ஆடினால் மேடு. சில மைக்ரான் இடைவெளியில் கசியும் வெளிச்சம்கூடக் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையை நம்பலாம். இரண்டு பரப்பிலும் வெளிச்சம் கசியவில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. தேய்க்கவே கூடாதவை

இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட், அதாவது 12, 13, 14-ஆம் தலைமுறை. இதில் சாக்கெட்டின் பூட்டு பிராசஸரின் இரு நீளப் பக்கங்களையும் நடுவில் மட்டும் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிராசஸர் வளைந்து மூடியின் நடுவில் குழி விழுகிறது. வெளியே எடுத்துத் தேய்த்துச் சமமாக்கினாலும் சாக்கெட்டில் பூட்டியதும் மறுபடி வளையும். இதற்கான வழி கான்டாக்ட் ஃபிரேம். தெர்மல் கிரிஸ்லி, தெர்மல்ரைட் இரண்டு நிறுவனங்களும் விற்கின்றன. பழைய பூட்டைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினால் அழுத்தம் நான்கு பக்கமும் பரவும். இதைத் திருகும்போது அதிகம் இறுக்கினாலும் குறைவாக இறுக்கினாலும் ஒரு ரேம் சேனல் காணாமல் போவது உண்டு, ஆகவே கால் திருப்பமாகத் திருப்பி, பூட்டி முடித்ததும் முழு ரேமும் தெரிகிறதா என்று பயாஸில் பாருங்கள். ஃபிரேம் போடுவதும் வாரண்டியைப் பாதிக்கலாம் என்பது இன்டெலின் நிலைப்பாடு.

13, 14-ஆம் தலைமுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மின்னழுத்தப் பிரச்சினையால் இந்தப் பிராசஸர்கள் சில நிலைகுலைந்ததை அடுத்து, 2024-இல் இன்டெல் பெட்டியில் விற்கும் டெஸ்க்டாப் மாடல்களுக்கான 3 ஆண்டு வாரண்டியை மேலும் 2 ஆண்டு நீட்டியது. அந்த வாரண்டி உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படலாம். மூன்று டிகிரிக்காக அதை விடாதீர்கள்.

ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) பிராசஸரை நேராகத் தொடும் கூலர்கள் இன்னொரு வகை. கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 இந்த வகைதான். அடியில் தெரியும் செம்பு வரிகள் தட்டையாக்கப்பட்ட குழாய்களின் சுவர். ஏற்கெனவே மெல்லிசான அந்தச் சுவரைத் தேய்த்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் திரவம் வெளியேறி அந்தக் குழாய் செத்துப்போகும். போதாக்குறைக்கு நடுவில் இருக்கும் அலுமினியம் செம்பைவிட வேறு வேகத்தில் தேயும். வேப்பர் சேம்பர் (உள்ளே திரவம் அடைத்த தட்டையான செம்புப் பெட்டி) அடியுள்ள கூலர்களுக்கும் இதே எச்சரிக்கை.

வேண்டுமென்றே நடுவில் மேடு வைத்துச் செய்த கூலர்களும் உண்டு. நாக்டுவா 2024-இல் வெளியிட்ட என்எச்-டி15 ஜி2 மூன்று வடிவில் வந்தது: சாதாரண மேடு, எல்ஜிஏ1700-இன் குழிக்கு ஏற்ற கூடுதல் மேடு, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் பிராசஸர்கள் போன்ற தட்டை மூடிகளுக்கும் லேப் செய்த பிராசஸர்களுக்கும் குறைந்த மேடு. இப்படிச் செய்த அடியைத் தேய்ப்பது பணம் கொடுத்து வாங்கிய வேலைப்பாட்டை அழிப்பதுதான். தண்ணீர்க் கூலர்கள் பலவற்றிலும் இதே போல மெல்லிய செம்புத் தகடு லேசாகப் புடைத்திருக்கும். அவற்றையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, இன்டெல் 3-ஆம் தலைமுறை தொடங்கி 8-ஆம் தலைமுறை வரையிலான சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர்கள். இவற்றில் மூடிக்கும் அதன் அடியில் உள்ள சிலிக்கன் சில்லுக்கும் நடுவில் ஈயப்பற்று போன்ற உலோகப் பிணைப்பு கிடையாது, பேஸ்ட்தான் உண்டு. சூடு தடைபடுவது அங்கே. மேலே எவ்வளவு தேய்த்தாலும் பலன் சொற்பம்.

அப்படியானால் யாருக்கு இது உகந்தது? வாரண்டி முடிந்த ஏஎம்4 ரைசன், இன்டெல் எல்ஜிஏ1200 சாக்கெட்டின் 10, 11-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள், தடித்த செம்பு அடியுள்ள டவர் கூலர்கள். இவற்றில் பயமில்லாமல் இறங்கலாம்.

4. பில், வாரண்டி, புகைப்படம்

தேய்த்த அடுத்த நிமிடமே வாரண்டி போய்விடும், இதில் பேரம் பேச வழியில்லை. பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்குப் பொதுவாக 3 ஆண்டு வாரண்டி. பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பெட்டி இல்லாமல் டிரேயாக வாங்கியிருந்தால் வாரண்டி கடைக்காரர் கொடுப்பதுதான், அதன் காலம் பில்லில் எழுதியிருக்கும்.

மூடியின் மேல் லேசரில் பொறித்த மாடல் பெயர், தொகுதி எண், சீரியல் எல்லாம் தேய்ப்பதில் அழிந்துவிடும். அதற்குமுன் நல்ல வெளிச்சத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும்படி இரண்டு படம் எடுங்கள். பெட்டியில் உள்ள ஸ்டிக்கரையும் படமெடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் விற்கும்போது இது எந்த மாடல் என்று காட்ட இவைதான் ஆதாரம்.

5. வாங்க வேண்டியவை, செலவு, நேரம்

பெயின்ட் கடையில் "வாட்டர் பேப்பர்" என்று கேளுங்கள். மரத்துக்குப் போடும் மஞ்சள் உப்புத்தாள் வேண்டாம், அது தண்ணீரில் பிய்ந்துவிடும். கறுப்பாக இருக்கும் சிலிக்கன் கார்பைடு தாள்தான் தேவை. 400, 600, 800, 1000, 1500 என்ற ஐந்து எண்களில் தலா 3 தாள் போதும். சாதாரண ஹார்டுவேர் கடையில் 1000-க்கு மேல் கிடைப்பது அரிது, கார் பெயின்ட் அடிப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் 2000 வரை இருக்கும். ஒரு தாள் சுமார் 20 முதல் 40 ரூபாய். எல்லாத் தாளும் ஒரே கம்பெனியாக இருந்தால் நல்லது. எண்ணுக்கு முன்னால் "பி" என்று போட்ட தாள் ஐரோப்பிய அளவு, போடாதது வேறு அளவாக இருக்கலாம். கலந்து வாங்கினால் 1000-ஐ விட 1200 முரடாக இருக்கும் விநோதம்கூட நடக்கும். பி400-இன் துகள் சுமார் 35 மைக்ரான், பி1000-இல் 18, பி2000-இல் 10.

கண்ணாடிக் கடையில் 10 மிமீ தடிமனில் ஓர் அடிக்கு ஓர் அடி சாதாரண ஃப்ளோட் கண்ணாடி வெட்டி, விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். 200 முதல் 300 ரூபாய் ஆகலாம். டஃபன்டு கண்ணாடி வேண்டவே வேண்டாம். அதைச் சூடாக்கி உருளைகள்மேல் ஓட்டும்போது பரப்பில் லேசான அலை விழுந்துவிடும். சமையலறை கிரானைட் மேடையும் கடப்பாக் கல்லும் பளபளப்பாக இருக்கும், ஆனால் நமக்கு வேண்டிய அளவுக்குச் சமமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

இவை தவிர 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் அரை லிட்டர், சவரப் பிளேடு, பெர்மனன்ட் மார்க்கர், கேப்டன் டேப் (Kapton, சூடு தாங்கும் மெல்லிய டேப்), நூல் உதிராத துணி, பின்களைப் பாதுகாக்கும் கறுப்பு ஃபோம், ரப்பர் கையுறை, முகக்கவசம், ஒரு நல்ல பேஸ்ட். எல்லாம் சேர்த்து 1,500 முதல் 2,000 ரூபாய்க்குள் அடங்கும். கடைக்குக் கடை விலை மாறும்.

முதல்முறை என்றால் கூலருக்கு 2 மணி நேரம், பிராசஸருக்கு 2 மணி நேரம், காயவும் பொருத்தவும் 1 மணி நேரம் என்று ஒரு முழு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். அவசரத்தில் அழுத்தித் தேய்ப்பதால்தான் பெரும்பாலான பரப்புகள் கெடுகின்றன.

6. மேடையை அமைத்தல்

ஆடாத மேசை, அதன்மேல் மடிப்பில்லாத ரப்பர் மேட், அதன்மேல் கண்ணாடி. அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கண்ணாடி வளையும், துடைத்துவிட்டு வையுங்கள். தாளைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, கண்ணாடியில் விரித்து, உள்ளங்கையால் காற்றை வெளியே தள்ளிவிட்டால் தண்ணீரே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நான்கு விளிம்பையும் டேப்பால் இழுத்து ஒட்டுங்கள்.

தாள் எங்காவது உப்பியிருந்தால் நாம் தள்ளும்போது முன்னால் ஓர் அலை எழும். அந்த அலைமேல் ஏறி இறங்கித்தான் விளிம்புகள் உருண்டு போகின்றன. நடுக்குழியைச் சரிசெய்ய வந்து நடுமேட்டை உண்டாக்குவது இப்படித்தான்.

7. ஹீட்சிங்க்கை முதலில் தேயுங்கள்

கை பழக இதுவே நல்ல இடம். கெட்டாலும் கூலரோடு போகும். ஃபேன்களையும் அடியில் துருத்தும் பிடிமானக் கம்பி, ஸ்பிரிங் திருகுகளையும் கழற்றுங்கள். அடிப்பரப்பே எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்க வேண்டும்.

மார்க்கரால் பரப்பு முழுவதும் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். 400 தாளில் சில துளி தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, கூலரை வைத்து, உங்களை நோக்கி நேராக இழுங்கள். திரும்பத் தள்ளும்போது தூக்கி வைத்துவிடலாம். டவர் கூலர் உயரமானது, தலை கனமானது. மேலே பிடித்து இழுத்தால் சாயும். அடித்தட்டுக்கு ஒட்டிப் பிடியுங்கள், கீழ்நோக்கி அழுத்தவே வேண்டாம், அதன் எடையே போதும்.

20 இழுப்புக்கு ஒருமுறை கூலரை 90 டிகிரி திருப்புங்கள். மனிதக் கை எப்போதும் ஒரு பக்கம் கூடுதலாக அழுத்தும், திருப்பினால்தான் அந்தச் சாய்வு நான்கு பக்கமும் பகிர்ந்து போகும். ஒரு சுற்று முடிந்ததும் கழுவிப் பாருங்கள். மை அழியாத இடம் பள்ளம். மறுபடி கோடு போட்டு, மை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அழியும்வரை தொடருங்கள். செம்புத்தூள் அடைத்துக்கொண்டு தாள் வழுக்க ஆரம்பித்தால் கழுவுங்கள், வெட்டு போய்விட்டால் மாற்றுங்கள். தேய்ந்த தாளைச் சேமிப்பதில் லாபமில்லை, அது வெட்டாமல் மெழுகுகிறது.

சமதளம் முழுக்க 400-லேயே கிடைத்துவிட வேண்டும். மீதி எண்கள் எல்லாம் கீறலை மெல்லிதாக்க மட்டுமே. 400-இல் பள்ளத்தை மிச்சம் வைத்துவிட்டு 1000-இல் சரிசெய்யலாம் என்று நினைத்தால் விடிய விடியத் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வோர் எண்ணுக்கும் போகும்முன் கூலர், கண்ணாடி, கை மூன்றையும் கழுவுங்கள். முந்தைய தாளின் ஒரே ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் நீளக் கீறல் விழும். அடுத்த தாளில் முந்தையதற்குக் குறுக்குத் திசையில் இழுங்கள். பழைய கீறல்கள் எல்லாம் மறைந்து புதுக் கீறல்கள் மட்டும் தெரிந்தால் அந்த எண் முடிந்தது. 600, 800, 1000, 1500 ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் போதும்.

1500-ஓடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் முகம் பார்க்கும் பளபளப்பு வரும், சூடு குறையாது. பிராசோ போன்ற உலோக பாலிஷும் வேண்டாம். துணி மெத்தென்று இருப்பதால் விளிம்பை உருட்டிவிடும், பாலிஷின் எண்ணெய்ப்பசை பரப்பில் தங்கிவிடும். படங்களில் அழகாகத் தெரிவது கண்ணாடிப் பளபளப்பு, வேலை செய்வது சமதளம்.

8. பிராசஸர்

இங்கே மெதுவாக. கையுறை போடுமுன் ஒரு எர்த் ஆன உலோகத்தைத் தொட்டு நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

ஏஎம்4 பிராசஸர் என்றால் பின்களைக் கறுப்பு ஃபோமில் முழுமையாக அமிழ்த்துங்கள். விரல் நேராகப் பின்களின் மேல் அழுத்தக் கூடாது. இன்டெல் என்றால் அடியில் உள்ள தங்கப் புள்ளிகளை அதே ஃபோமால் மூடி, ஓரத்தைச் சுற்றி டேப் போடுங்கள். டேப்பின் பசை புள்ளிகளில் படக் கூடாது. மூடிக்கும் பச்சைப் பலகைக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பசையில் ஒரு சிறு இடைவெளி இருக்கும், பழைய எல்ஜிஏ775 மாடல்களில் மூடியிலேயே ஓட்டை உண்டு. அவ்வழியே தண்ணீர் போகாதபடி கேப்டன் டேப்பால் அடைத்துவிடுங்கள். ஏஎம்5 பிராசஸரைத் தேய்ப்பதாக இருந்தால், மூடியின் வெட்டுகளில் திறந்து கிடக்கும் மின்தேக்கிகள் மேல் செம்புத்தூள் விழாமல் அத்தனையையும் டேப்பால் மூட வேண்டும். டேப்பின் உயரம் மூடியின் மேற்பரப்பைத் தாண்டக் கூடாது.

தண்ணீர் ஓடக் கூடாது, தாள் ஈரமாக இருந்தால் போதும். முழுக்க உலர்வாகத் தேய்த்தால் நிக்கல், செம்புத் தூள் காற்றில் பறக்கும். நிக்கல் பலருக்குத் தோல் ஒவ்வாமை தரக்கூடியது. கையுறையும் முகக்கவசமும் அதற்காகத்தான்.

முதலில் வெர்னியரில் மூடி உட்பட மொத்தத் தடிமனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 400-இல் வைத்து, பலகையின் இரு பக்க விளிம்பையும் விரல் நுனிகளால் பிடித்து, கூலருக்குச் செய்தது போலவே இழுங்கள். 10 இழுப்புக்கு ஒருமுறை 90 டிகிரி திருப்புங்கள். கூலரைப் போல இதற்கு எடை இல்லை, எனவே சாய்வது எளிது.

இங்கே மார்க்கரைவிட நல்ல வழிகாட்டி ஒன்று தானாகக் கிடைக்கிறது. மூடி செம்பால் ஆனது, அதன்மேல் சில மைக்ரான் நிக்கல் பூச்சு. மேடான இடத்தில் வெள்ளி நிறம் போய்ச் செம்பு முதலில் எட்டிப்பார்க்கும். நான்கு ஓரமும் சிவந்து நடுவில் வெள்ளித் தீவு நின்றால் அது குழி. நடு சிவந்தால் மேடு. ஒரு மூலை மட்டும் வேகமாகச் சிவந்தால் உங்கள் கை சாய்கிறது, பிடியை மாற்றுங்கள்.

தீவு சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகும்வரை தொடர வேண்டும். தீவு கடைசியாக நிற்கும் இடத்தின் அடியில் சிலிக்கன் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இன்டெலின் சாதாரண மாடல்களில் சிலிக்கன் நடுவில் இருக்கும், ஆகவே நடுத்தீவு மறைந்தே ஆக வேண்டும். ரைசன் 3000, 5000-இன் கோர்கள் உள்ள சில்லுகள் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கின்றன. உங்கள் மாடலின் மூடி கழற்றிய படத்தைப் பார்த்து, அந்த இடம் சமமாகிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். கோர்கள் இல்லாத மூலையில் நகக்கண் அளவு நிக்கல் மிச்சமிருந்தால் விட்டுவிடலாம். அதைப் போக்குவதற்காக மற்ற இடங்களை இன்னும் தேய்ப்பது தேவையில்லாத வேலை.

அவ்வப்போது வெர்னியரில் பாருங்கள். 0.1 மிமீக்குள் முடிந்தால் நல்லது. 0.2 மிமீயைத் தாண்டினால் கூலரின் அழுத்தம் குறையத் தொடங்கும். இன்டெல் சாக்கெட்டில் கூலர், பூட்டுத் தகட்டில் இடிக்கும் அபாயமும் வரும்.

பிறகு 600, 800, 1000, 1500. ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம்.

9. துப்புரவு

பிராசஸரைத் தண்ணீரில் முக்க வேண்டாம். டேப்பை உரித்து, ஆல்கஹால் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை துடையுங்கள். பக்கங்கள், வெட்டுகள், அடிப்புள்ளிகள் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒரு செம்புத்தூள் இருந்தாலும் ஷார்ட் ஆகலாம். ஏஎம்4 பின்களின் வரிசைகளைச் சாய்வாகப் பார்த்து, வளைந்தது உண்டா என்று கவனியுங்கள். பிறகு ஃபேன் காற்றில் 1 மணி நேரம் காயட்டும்.

கூலரைக் கழுவியிருந்தால் தகடுகளின் இடுக்கில் தண்ணீர் நிற்கும். உதறி, அதற்கும் இதே அளவு நேரம் கொடுங்கள். தேய்த்த செம்பை விரலால் தொட்டால் ரேகை பதிந்து கறுக்கும், அன்றே பொருத்திவிடுங்கள். பேஸ்ட்டுக்கு அடியில் செம்பு லேசாக நிறம் மாறினால் கவலை இல்லை.

10. பொருத்தி, மறுபடி அளத்தல்

முன்பு அளந்த அதே பேஸ்ட்டைத்தான் போட வேண்டும். புது பேஸ்ட்டுக்கு மாறினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. நடுவில் பட்டாணியைவிடச் சற்றுச் சிறிதாக ஒரு பொட்டு, ரைசனில் கோர்கள் இருக்கும் பக்கம் இன்னொரு சிறு பொட்டு. சமமான பரப்புக்கு முன்பைவிடக் குறைவாகவே தேவைப்படும். திருகுகளை மூலைக்கு மூலை மாறி மாறி, ஒவ்வொரு முறையும் கால் சுற்று என முடுக்குங்கள்.

பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போட ஆசைப்படுபவர்களுக்கு: அதில் உள்ள கேலியம் அலுமினியத்தை அரித்து நொறுக்கும். நிக்கல் போன வெறும் செம்பிலும் அது ஊறி உலர்ந்துவிடும், சில மாதங்களில் மறுபடி பூச வேண்டிவரும். முதல்முறை லேப்பிங் செய்பவர்கள் சாதாரண பேஸ்ட்டிலேயே இருங்கள்.

முதல் படியின் அதே ஃபேன் வேகம், அதே வாட், அதே 30 நிமிடம். அறைச் சூட்டைக் கழித்த எண்ணை ஒப்பிடுங்கள். அதோடு கோர்களுக்கு இடையிலான வித்தியாசத்தையும் பாருங்கள். முன்பு ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 8 டிகிரி கூடுதலாக ஓடிக்கொண்டிருந்து இப்போது 4 ஆகியிருந்தால் அதுவும் நல்ல பலன்தான்.

11. சரியாக வராவிட்டால்

சூடு கூடிவிட்டது என்றால் கூலரைக் கழற்றிப் பேஸ்ட் பதிவைப் பாருங்கள். ஓரம் தடித்து நடு மெலிந்து, ஆனால் அந்த நடு மிகச் சிறியதாக இருந்தால் விளிம்புகள் உருண்டுவிட்டன. 400-க்குத் திரும்பி, தாள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, மார்க்கர் கோட்டோடு மறுபடி தொடங்க வேண்டும். ஒரு பக்கம் தடித்திருந்தால் திருகுதான் காரணம். பேஸ்ட் எங்குமே சரியாக அழுந்தவில்லை என்றால் உயரம் குறைந்து கூலர் எட்டவில்லை. ஸ்பிரிங் திருகுகளில் மெல்லிய வாஷர் சேர்த்துப் பாருங்கள்.

கணினி திரையே காட்டாவிட்டால் பதறி மறுபடி மறுபடி பவர் போடாதீர்கள். பிராசஸரை எடுத்து, அடிப்புள்ளிகளை ஆல்கஹாலால் துடைத்து, சாக்கெட்டில் தூள் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். எல்ஜிஏ சாக்கெட்டின் கம்பிகளைத் துணியால் தொடவே கூடாது, கைப்பம்பால் காற்று ஊதினால் போதும். பாதி ரேம் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் ஒரு புள்ளியில் அழுக்கு அல்லது ஒரு பக்கம் அதிக இறுக்கம். தளர்த்தி மறுபடி உட்காரவைத்தால் சரியாகிவிடும்.

முதல் வாரம் நன்றாக இருந்து இரண்டு மூன்று மாதத்தில் சூடு ஏறினால், நீர்த்த பேஸ்ட் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் பரப்புக்கு வெளியே நகர்ந்துவிட்டது என்று பொருள். கெட்டியான பேஸ்ட்டுக்கு மாறுங்கள், மறுபடி தேய்க்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பிராசஸர் பெட்டியின் மேல் மாடல் பெயர், லேப் செய்த தேதி, குறைந்த தடிமன் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். எழுத்தில்லாத செம்பு மூடியைப் பார்த்து அது எந்தப் பிராசஸர் என்று யாராலும் சொல்ல முடியாது. விற்கும்போதும் தேய்த்தது என்று முதலிலேயே சொல்லி, எடுத்து வைத்த படங்களையும் பயாஸ் திரையில் மாடல் பெயர் தெரியும் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், ஆனால் வாங்குபவருக்கு வாரண்டி இல்லை என்பது தெரிந்திருக்கும்.